டீச்சர் பதில்கள்: வாசல்வரை வந்த டைனோசர் எங்கே போனது?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: டைனோசர்களை வைத்து எடுத்த ஜுராசிக் பட வரிசைக்கு முடிவுப் படம் என்று சொல்லி வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன்’ எனக்குப் பெரிய ஏமாற்றம் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை முழுக்க இதுவே இருக்கட்டும்.

டீச்சர், ஒரு வரியில் ‘ஏமாற்றம்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். வகுப்பில் எங்களை அப்படி விடமாட்டீர்களே. ‘காரணம் எழுது’ என்பீர்களே. உங்கள் காரணம் என்ன?
– எஸ்.எம்., அரவேணு (உங்களிடம் அறிவியல் படித்தவன்)

நியாயமான கேள்வி. எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய படம், 2018-இல் வந்த ‘ஃபாலன் கிங்டம்’, எப்படி முடிந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெரிய பங்களாவின் நிலவறையில் விஷவாயு பரவுகிறது. கூண்டில் இருக்கிற டைனோசர்கள் சாகப் போகின்றன. மெய்சி என்கிற சிறுமி பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்துவிடுகிறாள். அவையும் என்னைப் போல உயிருள்ளவைதானே என்கிறாள். அத்தனையும் வெளியே ஓடுகின்றன. அப்புறம் சில துண்டுக் காட்சிகள். அலையில் விளையாடுகிறவர்களுக்குக் கீழே ஒரு கடல் விலங்கின் நிழல். மிருகக்காட்சி சாலையில் சிங்கத்துக்கு எதிரே டி-ரெக்ஸ் என்கிற ராட்சத டைனோசர். கடைசியாக, ப்ளூ என்கிற ராப்டர் வகை டைனோசர் ஒரு மேட்டில் நின்று கீழே தெரியும் வீடுகளைப் பார்க்கிறது.

அந்தக் காட்சியில் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். மேட்டில் விலங்கு, கீழே வீடு. அது எங்கள் ஊர்.

கோத்தகிரியில் என் வீட்டுச் சமையலறைக் கதவைத் திறந்தால் நாலு எட்டில் கேரட் பாத்தி, அதைத் தாண்டினால் தேயிலை. சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் விடியலில், பால் வாங்கப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மூடுபனி. பாத்திக்கு நடுவே ஒரு கறுப்புச் சுவர் நின்றது. முந்தின நாள் அங்கே சுவர் இல்லையே என்று நான் யோசிப்பதற்குள் அந்தச் சுவர் மூச்சு விட்டது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால்கள். ஆண் காட்டெருமை. ஆயிரம் கிலோவைத் தொடும் உடம்பு, என் தலைக்குச் சமமாக அதன் திமில். அது கேரட் இலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. நான் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கைப்பிடி கதவில் பட்டுச் சத்தம் வந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் மனதில். ஒரு காலைப் பின்னால் வைத்தேன். அப்புறம் இன்னொன்று. கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் கீல் கத்தும். அது தன் பாட்டுக்குத் தின்றுவிட்டு, ஏழு மணி வாக்கில் வேலிக்கல்லைச் சாய்த்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனது.

இந்த மலையில் இருக்கிற எல்லோரிடமும் இப்படி ஒரு கதை உண்டு. அதனால் எங்களுக்கென்று சில பழக்கங்கள் வந்துவிட்டன. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் மலைக்குள் இறங்குமுன் கைதட்டிக் குரல் கொடுத்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப மாட்டோம். நாய் குரைத்தால் வெளியே போய்ப் பார்க்க மாட்டோம், நாயை உள்ளே இழுத்துக் கட்டுவோம், ஏனென்றால் சிறுத்தை வருவது நாய்க்காகத்தான். கோயிலில் விளக்கு எண்ணெய் வைத்துவிட்டு வந்தால் ராத்திரி கரடி கதவைப் பெயர்க்கும் என்று தெரியும். யாரும் உட்கார்ந்து இவற்றைச் சட்டமாக எழுதவில்லை. பயத்திலிருந்தும் பழக்கத்திலிருந்தும் தானாக வந்தவை.

மனிதர்கள் நடுவே டைனோசர் வந்துவிட்டால் வாழ்க்கை எப்படி மாறும்? பால்காரர் எத்தனை மணிக்கு வருவார்? எந்த வழியை மூடுவார்கள்? செத்தவர் வீட்டுக்கு யார் போய் நிற்பார்கள்? ‘ஃபாலன் கிங்டம்’ இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரையை மூடியது. பதிலுக்காக நான்கு வருடம் காத்திருந்தேன்.

2022 ஜூனில் ‘டொமினியன்’ வந்தது. மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய்ப் பார்த்தேன். 2 மணி 27 நிமிடப் படம். ஆரம்பம் எனக்கு வேண்டியதாகவே இருந்தது. அதிலும் ஒரு மரக்கிடங்குக் காட்சி. பனி கொட்டுகிறது. வெட்டி அடுக்கிய மரங்களுக்கு நடுவே நீளக் கழுத்து அபடோசரஸ்கள் வந்து நிற்கின்றன. மெய்சியும் அங்கே இருக்கிறாள். அந்தத் தொழிலாளர்கள் சுடவில்லை, அலறி ஓடவில்லை. வேலை நின்றுவிட்டது, இவற்றை நோகாமல் எப்படி வெளியே கொண்டுபோவது, அதுதான் அவர்கள் கவலை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டீ பேக்டரி வாசலில் பச்சைத் தேயிலை லாரிக்குக் குறுக்கே காட்டெருமை நின்றால், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையை வைத்து உட்கார்ந்திருப்பாரே, அதே பொறுமை.

அந்தக் காட்சி சீக்கிரமே முடிந்துவிட்டது. அதோடு சரி.

அப்புறம் கதை வேறு எங்கோ போகிறது. மெய்சியைக் கடத்துகிறார்கள். மால்டாவில் கள்ளச் சந்தை, மோட்டார் சைக்கிள் துரத்தல். இத்தாலியின் டோலமைட் மலைகளில் பயோசின் என்று ஒரு கம்பெனி, பல நாடுகளில் பிடிபட்ட டைனோசர்களை ஒரு பள்ளத்தாக்கில் விட்டு, உடம்பில் சில்லு பொருத்தி வைத்திருக்கிறது. அதாவது மறுபடியும் பூங்கா! ஐந்து படங்களாக உடைந்த வேலியைத் திரும்பக் கட்டி, அத்தனை பேரையும் அதற்குள் கொண்டுபோய் ஓடவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் குற்றமும் டைனோசர் சம்பந்தப்பட்டது இல்லை. மற்றவர் பயிரை அழிக்க உருவாக்கிய ராட்சத வெட்டுக்கிளி. முதல் படமான ‘ஜுராசிக் பார்க்’கிலிருந்து சாம் நீல், லாரா டெர்ன், ஜெஃப் கோல்ட்ப்ளம் மூன்று பேரையும் திரும்ப அழைத்துவந்து, வெட்டுக்கிளிக்குச் சாட்சி தேட அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நிமிடத்தில் யானைக் கூட்டத்தோடு கொம்பு டைனோசர்கள் நடக்கின்றன, திமிங்கிலத்தோடு மொசசாரஸ் என்கிற அந்தக் கடல் விலங்கு நீந்துகிறது, பின்னால் சேர்ந்து வாழ்வது பற்றி ஒரு குரல். நான் முப்பது வருடம் விடைத்தாள் திருத்தினவள். வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதி வைத்தால் நான் மதிப்பெண் போட்டதில்லை. உனக்கும் போட்டிருக்க மாட்டேன், தம்பி.

உலகம் முழுக்க 100 கோடி டாலர் வசூல் செய்த படம். குழந்தைகளோடு போய்ச் சிரித்துவிட்டு வருகிற பொழுதுபோக்கில் போய் இவ்வளவு தேட வேண்டுமா?
– கே.பி., குன்னூர்

அந்த 100 கோடியில் என் டிக்கெட்டும் இருக்கிறது. 1993-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த முதல் படத்தின் மேல் இருந்த நம்பிக்கையில்தான் நான் போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

அந்த முதல் படமும் பொழுதுபோக்குதானே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அதில் டைனோசர் திரையில் தெரிவது மொத்தமே சுமார் 15 நிமிடம். மிச்ச நேரம் முழுக்க நம்மைக் காக்க வைத்தார்கள். மழையில் நிற்கிற வண்டி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் ஒரு வட்டம் விரிகிறது. விலங்கு இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிட்டது. கிடார் கம்பியை வண்டிக்கு அடியில் இழுத்துக் கட்டி, அதை மீட்டி அந்த அதிர்வைக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் வித்தை ஒன்றும் இல்லை. கூடலூர் பக்கம் ராத்திரி வீட்டுக்குள் இருந்தபடி, வெளியே வாழைத்தண்டு முறிகிற சத்தத்தை வைத்து யானை எந்த மூலையில் நிற்கிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த டம்ளர் என்ன என்று நான் விளக்கவே வேண்டாம்.

இன்னொரு காட்சி. உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிற டிரைசெராடாப்ஸ் என்கிற கொம்பு டைனோசர். அதன் மூச்சில் வயிறு ஏறி இறங்குகிறது, ஒருவர் அதன்மேல் சாய்ந்து கிடக்கிறார். லாரா டெர்ன் நடித்த எல்லி சாட்லர், ஆளுயரச் சாணிக் குவியலுக்குள் தோள்வரை கையை விட்டுத் தேடுகிறார். அது என்ன தின்றது என்று தெரிய வேண்டுமே! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் யானைச் சாணியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ‘இன்னும் சூடு இருக்கு டீச்சர், இந்தப் பக்கம் வேண்டாம்’ என்று எங்கள் பிள்ளைகளை வேறு வழியில் கூட்டிப்போனார். அறிவியல் என்றால் அதுதான், கையை விட்டுப் பார்ப்பது. முப்பது வருடம் கழித்து அதே எல்லி சாட்லரைக் கூட்டிவந்து, ஆய்வுக்கூடத்தில் மாதிரி திருடி ஓடவைத்திருக்கிறார்கள். அவருக்கும் ஒரு விலங்குக்கும் நடுவே அப்படி ஒரு நிமிடம் இந்தப் படத்தில் வந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

டி-ரெக்ஸ் கத்துகிற சத்தம் எப்படிச் செய்தார்கள் டீச்சர்? நிஜமாகவே அது அப்படித்தான் கத்துமா?
– ஆறாம் வகுப்பு மாணவி, கட்டபெட்டு

கண்ணு, நிஜத்தில் அது எப்படிக் கத்தியது என்று யாருக்கும் தெரியாது. எலும்பு கல்லாகும், சத்தம் கல்லாகாதே. படத்துக்கு கேரி ரைட்ஸ்ட்ராம் என்கிற ஒலிக் கலைஞர் ஒரு குட்டி யானையின் பிளிறலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, அதோடு புலி உறுமலையும் முதலைச் சத்தத்தையும் கலந்தார். தெப்பக்காடு யானை முகாமுக்குப் போனால் குட்டி யானை சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேள். சின்ன உடம்பிலிருந்து கீச்சென்று வரும். அதையே மெதுவாக ஓட்டினால் நீ பயந்த சத்தம். உலகத்தையே பயமுறுத்திய சத்தத்துக்குள்ளே பசித்த ஒரு குட்டி இருக்கிறது.

வெட்டுக்கிளிக் கதையை ஏன் இவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறீர்கள்? விதையை ஒரே கம்பெனி கையில் வைத்துக்கொள்வதுதானே இன்றைக்கு உண்மையான ஆபத்து?
– ஆர்.ஜே., கூடலூர்

இளக்காரம் செய்யவில்லை. நீங்கள் சொல்கிற ஆபத்து பெரியதுதான். மற்ற வயலெல்லாம் அழிய, அந்தக் கம்பெனி விதை போட்ட வயலில் மட்டும் வெட்டுக்கிளி வாய் வைக்காது என்பது நல்ல கற்பனை. 2020 மே மாதம் வட இந்தியாவில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது, கிருஷ்ணகிரி பக்கம் எருக்கஞ்செடியில் நாலு பூச்சி உட்கார்ந்ததற்கே நம் விவசாயிகள் தூக்கம் இல்லாமல் கிடந்தார்கள். அது வேறு வகைப் பூச்சி என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கின் வேரைத் தின்னும் நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புழு. இன்றுவரை கிழங்கு போடுகிற ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) அதன் பேச்சு இல்லாமல் இல்லை. எனவே பூச்சிக் கதை சின்னக் கதை என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அது வேறொரு படத்தின் கதை. அதை முழுசாக எடுத்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். கல்யாண வீட்டுக்கு அழைத்துவிட்டு வேறு வீட்டு வளைகாப்பில் உட்கார வைத்தால், வளைகாப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும் மனசு ஒட்டாது. இதில் இன்னொரு வருத்தம், அந்தக் கதையையும் நேராகச் சொல்லவில்லை. சாட்சியை அழிக்க வெட்டுக்கிளிகளைக் கொளுத்துகிறார்கள், அவை எரிந்தபடியே பறந்து காட்டில் விழுந்து தீ பிடிக்கிறது. விலங்குகளைச் சில்லு மூலம் ஒரே இடத்துக்கு வரச்செய்து விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு நாள்கணக்கில் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியது. தீ அணைந்து வெகுநாள் வரை துணி காயப்போட்டால் கரி படியும். காட்டுத் தீ ஒரு காட்சிக்குள் அணைகிற சமாச்சாரம் இல்லை.

டைனோசர் எல்லாம் வெளிநாட்டில் மட்டும்தானா? நம் மலையில் தோண்டினால் கிடைக்காதா?
– பி.டி., கொடைக்கானல்

நம் மலையில் கிடைக்காது. நீலகிரியின் பாறை சார்னோக்கைட், வயது சுமார் 250 கோடி ஆண்டு. டைனோசர் வருவதற்கு வெகு காலம் முன்பே பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருவான கல். உங்கள் பழநி மலையும் அந்த மாதிரிப் பழைய கல்தான். எலும்பு கல்லாக வேண்டும் என்றால் சேறும் மணலும் படியப் படிய அமிழ வேண்டும்.

அதற்கு அரியலூர் போக வேண்டும். டைனோசர் காலத்தில் கடல் வந்து போன இடம் அது. அங்கே கல்லமேடு என்கிற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1980-களின் பிற்பகுதியில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடம்புக்காரன் என்று அர்த்தம். உலகத்திலேயே மிகப் பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். இருந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. படங்களும் அளவுகளும் மட்டுமே மிச்சம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆறு கோடி வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் தாங்கிய எலும்பு, நாம் பார்த்த பிறகு தாங்கவில்லை.

சேர்ந்து வாழ்வது, பொறுமை என்று வீட்டுக்குள் இருந்து எழுதுவது சுலபம். என் பயிரை யானை மூன்று முறை அழித்துவிட்டது. என்னைக் கேட்டால் அந்தப் படம் செய்ததுதான் சரி. எல்லாவற்றையும் பிடித்து ஒரே பள்ளத்தாக்கில் விட வேண்டும்.
– மசினகுடி விவசாயி ஒருவர்

ஐயா, உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். என் பாத்தியில் போனது ஒரு கூடை கேரட். உங்களுக்குப் போனது ஒரு வருடச் சோறு. இரண்டும் ஒன்று என்று நான் சொன்னால் அது பாவம்.

ஆனால் நான் அந்தப் படத்தில் தேடியது உங்களைத்தான். பயிர் போனவர், வீட்டு ஆள் போனவர், பிடித்துக்கொண்டு போங்கள் என்று கத்துகிறவர், அவருக்கு எதிரே விடக்கூடாது என்று நிற்கிறவர். அந்தச் சண்டையில்தான் கதை இருக்கிறது. 2 மணி 27 நிமிடத்தில் அப்படி ஒரு குடும்பத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கக் கூடாதா?

உங்கள் ஊரிலேயே என்னவெல்லாம் நடந்தது! 2020 அக்டோபரில் சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, ஒரு வீட்டில் நிம்மதி, அடுத்த வீட்டில் அழுகை. 2021 ஜனவரியில் எரிகிற டயரை எறிந்து ஒரு யானையைக் கொன்றார்கள். அந்த வீடியோவை என்னால் முழுதும் பார்க்க முடியவில்லை. அதே வருடம் அக்டோபரில் டி23 புலி. நாலு பேர் உயிர் போனதாக ஊரே கொதித்துக்கிடந்தது. சுட வேண்டும் என்று ஒரு பக்கம், உயிரோடு பிடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனவர்கள் ஒரு பக்கம். கும்கி, டிரோன், மோப்ப நாய் என்று மூன்று வாரம் தேடி, கடைசியில் மயக்க ஊசி போட்டு உயிரோடுதான் பிடித்தார்கள். அந்த மூன்று வாரமும் மசினகுடியில் மாடு மேய்க்கப் போனவர் மனசு எப்படி இருந்திருக்கும்? ஒரு விலங்கு, ஒரு ஊர், ஒரு கேள்வி. அதை எழுதத் தெரிந்த ஒருவர் கையில் டைனோசரையும் கொடுத்திருந்தால் எப்பேர்ப்பட்ட படம் வந்திருக்கும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவனின் அம்மாவைக் கொழுந்து பறிக்கும்போது காட்டெருமை முட்டிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. பையன் திரும்ப வகுப்புக்கு வந்த அன்று, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் அந்த எருமையைச் சுட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் நோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: “அதுக்கு முன்னாடி குட்டி நின்னுச்சாம். அம்மா பார்க்கல.” அவ்வளவுதான் சொன்னான். கோபம் இல்லை என்று அர்த்தமில்லை. அவன் அம்மா குணமாகி எழுந்த பிறகும் அந்த மலைக்குப் பறிக்கப் போகவே இல்லை, வேறு எஸ்டேட்டுக்கு மாறினார்கள். அவன் அந்த ஒரு வாக்கியத்தில் அம்மாவுக்கும் குட்டிக்கும் ஒன்றாக இடம் கொடுத்தான் பாருங்கள், அதைத்தான் நான் திரையில் தேடினேன். பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டால் அந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை.

உங்கள் இழப்பீட்டு மனுவின் நகலை அனுப்பியிருக்கிறீர்கள். தேதியோடு எடுத்த பயிர்ப் படம் அதில் இல்லை. அடுத்த முறை மனு கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துக் கேளுங்கள்.

‘முடிவு’ என்றார்களே, 2025-இல் ‘ஜுராசிக் வேர்ல்ட் ரீபர்த்’ வந்துவிட்டதே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– வி.என்., ஊட்டி

அதில் கதை ‘டொமினியன்’ முடிந்து ஐந்து வருடம் கழித்துத் தொடங்குகிறது. இன்றைய பூமியின் தட்பவெப்பம் டைனோசர்களுக்கு ஒத்துவரவில்லை, பெரும்பாலானவை செத்துவிட்டன, மிச்சம் பூமத்திய ரேகைப் பக்கத்தில் மட்டும் என்கிறார்கள். மக்களுக்கும் அவற்றின் மேல் ஆர்வம் போய்விட்டதாம். யானையோடு சேர்ந்து நடந்தவை அத்தனையும் நாலு வரி முன்னுரையில் போய்விட்டன. படத்தில் நல்ல காட்சிகள் உண்டு, ஆற்றில் டி-ரெக்ஸ் துரத்துகிற இடம் அருமை. ஆனாலும் அந்த முன்னுரையைப் பார்த்தபோது, மெய்சி அன்று பொத்தானை அழுத்தியதே வீணா என்று எனக்கு நெஞ்சு கனத்தது. அதற்குமேல் அந்தப் படத்தில் எனக்கு மனசு போகவில்லை.

அரையாண்டு லீவில் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். இந்த வரிசையில் எதை எதைக் காட்டலாம்?
– ஒரு பாட்டி, கோடநாடு

முதல் படத்தை ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, முழுசாகக் காட்டுங்கள். சின்னது பயந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ‘பேட்டில் அட் பிக் ராக்’. 2019-இல் வந்த குறும்படம், பத்து நிமிடம்கூட இல்லை. ‘டொமினியனை’ எடுத்த அதே காலின் ட்ரெவாரோதான் இயக்கம். காட்டோரம் வண்டியில் தங்கி இருக்கிற ஒரு குடும்பம், கைக்குழந்தையும் இருக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டு நேரம், வெளியே ஏதோ வந்து நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று கண்ணாலேயே சொல்கிறார்கள். நான் கேட்ட படம் அதுதான். அவருக்கு அது எடுக்க வரும் என்பதற்கும் அதுவே சாட்சி, அதனால்தான் எனக்கு வருத்தம் இன்னும் கூடுகிறது.

அப்புறம் ‘டொமினியன்’. 160 நிமிட நீள வடிவம் கிடைத்தால் அதைப் போடுங்கள். தியேட்டருக்கு வந்தபோது வெட்டிவிட்ட தொடக்கம் அதில் இருக்கிறது. காரில் உட்கார்ந்தபடி படம் பார்க்கிற திறந்தவெளித் திரையரங்கில் டி-ரெக்ஸ் புகுந்துவிடும். மரக்கிடங்குக் காட்சி முடிகிறவரை பார்க்கட்டும். பிறகு டிவியை நிறுத்திவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். கோடநாட்டில் நீங்கள் பார்த்ததை நீங்களும் சொல்லுங்கள்.

படம் முடிந்ததும் வெளியே விளையாட ஓடுவார்கள். முதலில் நீங்கள் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பாருங்கள். போன வாரம் உங்கள் சாலையில்தான் குட்டியோடு கரடி திரிவதாகப் பேருந்தில் பேசிக்கொண்டார்கள்.